கோடிக் கம்பத்துக் காற்று

விமானம் தரையிறங்கும் நேரத்தில் காற்று சட்டென்று திசை மாறினால் ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடுவது அவர் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘காத்து சார்’. புதிய எச்சரிக்கைக் கருவி எந்த அளவில் அலற வேண்டும் என்று முடிவு செய்யப் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான், பதினோரு வருடத்துக்கு முந்தைய விபத்து ஒன்று கையில் சிக்கியது. சின்ன விமானம். விமானியோடு சேர்த்து ஒன்பது பேர் இறந்துபோனார்கள். ‘விமானியின் தவறு’ என்று அறிக்கை எழுதியதே அவர்தான்.

ஓடுபாதையின் கோடியில் நின்ற கம்பத்தின் காற்றுப் பதிவு, வேறு பிரிவின் அலமாரியில் இத்தனை காலமும் கிடந்திருக்கிறது. அன்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். இப்போது அதை வைத்துக் கணக்குப் போட்டார். மேகத்திலிருந்து கொட்டிய காற்று முதலில் எதிரே அடித்திருக்கிறது. எதிர்க்காற்றில் வேகமானியின் முள் ஏறியதும், வேகம் கூடிவிட்டதே என்று விமானி எஞ்சினைத் தணித்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அடுத்த பத்து நொடியில் அதே காற்று முதுகுப்பக்கமிருந்து அடித்து விமானத்தைத் தரையில் அமுக்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை விமானியின் வீட்டைத் தேடிப் போனார். விமானியின் மனைவி துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுக்காரர் மேல தப்பு இல்லைம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“என் மாமனார், பெத்த பிள்ளையோட போட்டோவைச் சுவத்துல மாட்ட விடலை சார். அந்த மனத்தாங்கலோடயே போய்ச் சேர்ந்துட்டார். நான் மட்டும் என்ன? கவனமா ஓட்டியிருக்கக் கூடாதான்னு பதினோரு வருஷமா அந்த மனுஷனைத் திட்டிட்டே இருக்கேன்.”

அவள் குரல் தழுதழுக்கக்கூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

உள்ளறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள் வெளியே வந்தாள். “அப்பா வேற என்னமாவது பண்ணியிருந்தா தப்பிச்சிருக்கலாமா அங்கிள்?”

அந்தக் கணக்கையும் அவர் போட்டிருந்தார். “இல்லை கண்ணு. அவ்வளவு கம்மி உயரத்துல யாராலயும் முடியாது.”

“அதை எழுதிக் குடுங்க” என்றாள் தாய்.

“மேலிடத்துக்கு எழுதினேன்மா. முடிஞ்சுபோன விஷயம், மறுபடி திறக்க முடியாதுன்னு பதில் வந்துடுச்சு.”

“அவங்க கிடக்கட்டும். எனக்கு எழுதிக் குடுங்க.”

மகள் நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தாள். எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாய் அதை இரண்டு தடவை படித்தாள்.

“இன்னும் எட்டு வேணும் சார். செத்தவங்க வீட்டு விலாசமெல்லாம் எங்கிட்ட இருக்கு.”

“எப்படிம்மா?”

“அவர் பண்ணினதுக்கு மன்னிப்புக் கேட்டு வருஷா வருஷம் லெட்டர் போட்டுட்டிருக்கேனே.”

அவர் தலை குனிந்து எழுத ஆரம்பித்தார். மூன்றாவது தாளில் கையெழுத்துப் போட்டார். அவள் நான்காவதை எடுத்து முன்னால் வைத்தாள்.