இரங்கும் இடம்

சாலைப் பணி நடைபெறுகிறது என்று எழுத வேண்டிய பலகையில் சாலைப் பனி நடைபெறுகிறது என்று எழுதப்பட்டதால், அச்சகத் தெருவில் மட்டும் வேலை முடியும்வரை பனி பெய்தது. பக்கத்துத் தெருவில் வெயில் எப்போதும்போல மண்டையைப் பிளந்தது. பள்ளம் தோண்ட வந்தவர்கள் முதல் நாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மறுநாள் கம்பளி கேட்டார்கள். நகராட்சி அதைச் சில்லறைச் செலவில் சேர்த்துக்கொண்டது. துணி காயவில்லை என்பதைத் தவிர வீடுகளில் யாருக்கும் பெரிய குறை இல்லை. ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர் மட்டும், இனி இந்தத் தெருவில் பிழைப்பில்லை என்று கடையைப் பூட்டிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போனார்.

அந்தப் பலகையை எழுதியவள் தங்கை. அச்சகத்தின் மாடி ஜன்னலில் நின்று, இடது கண்ணிமை துடிக்கத் துடிக்க அதைப் பார்த்தவள் அக்கா. தெருவில் போன அத்தனை பேரும் பலகையைப் படித்திருந்தார்கள். ஆனால் எழுத நினைத்ததைத்தான் படித்திருந்தார்கள். எழுதியிருந்ததைப் படித்தவள் அக்கா ஒருத்திதான். அதனால் பனி எங்கிருந்து வந்தது என்பதும் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்தது. முதலில் அவளுக்கு எரிச்சல் வந்தது. பனி தோளில் விழுந்து கரைவதற்குள் அது பொறாமையாகிவிட்டது.

அக்கா அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கண்ணீர் அஞ்சலி முதல் கண் மருத்துவமனைத் துண்டறிக்கை வரை அவள் பார்க்காமல் எதுவும் அச்சுக்குப் போகாது. விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் தேடித் தேடிப் போடுவதால், முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஒற்றுக்காரி என்று பெயர். முயற்சிக்கிறோம் என்று யாராவது எழுதினால் முயல்கிறோம் என்று மாற்றுவாள். மாற்றியபின் எழுதியவரைக் கூப்பிட்டு அனுப்புவாள். பேருந்தில் யாரோ யாரிடமோ நாய்கள் குரைத்தது என்று சொன்னால், குரைத்தன என்று திருத்தாமல் அவளால் இறங்க முடியாது. ஒருமுறை துக்கம் கேட்கப் போன வீட்டில், “எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு அண்ணன்” என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதவளின் காதருகே குனிந்து, “ஓர் அண்ணன்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். கல்யாணமான புதிதில் ஒரு மாலை அவர் கதவருகே நின்று, “நீ ரொம்ப அளகா இருக்கே” என்றார். அவள் சிரித்துக்கொண்டே, “அழகு. நாக்க மேல மடிச்சுச் சொல்லுங்க” என்றாள். அவர் மடித்தார். வரவில்லை. இன்னொரு முறை மடித்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். அதன்பிறகு அந்த வாக்கியத்தை அவர் சொல்லவே இல்லை. மற்ற வாக்கியங்களும் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு, ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியில் அவரிடம் மிச்சமிருந்தவை சாவி, சோறு, தண்ணி, வரேன் என்று சில சொற்கள்தான். ஆள் அமைதியானவர் என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நம்பவும் செய்தாள்.

தங்கை படிப்பில் மட்டம். ர, ற எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். ல, ள, ழ மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், யார் வந்தால் என்ன என்பாள். ஆனால் கையெழுத்து முத்துமுத்தாக இருந்ததால் பெயர்ப்பலகை எழுதும் தொழிலுக்குப் போனாள். பனிக்குப் பிறகு ஊர் அவளைத் தேடி வந்தது. அழகு நிலையத்துக்கு அவள் அலகு நிலையம் என்று எழுத, உள்ளே போன பெண்கள் சின்னதாக, மஞ்சளாக அலகு முளைத்து வெளியே வந்தார்கள். ஒரு வாரத்தில் அது உதிர்ந்துவிடும். அந்த வாரம் முழுக்க எந்தக் கடைக்காரரும் அவர்களிடம் எதிர்த்துப் பேசவில்லை என்பதால் மறுபடி மறுபடி போனார்கள். ஒளி விளக்குக் கடை ஒலி விளக்குக் கடையானதும், சுவிட்சைப் போட்டால் விளக்குகள் மெல்லிய குரலில் முனக ஆரம்பித்தன. இரும்புக் கடையில் ஆணி, அரம், சுத்தியல் என்பதற்கு ஆணி, அறம், சுத்தியல் என்று எழுதினாள். வந்தவர்கள் அறத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், கனமாக இருக்கிறது என்று வைத்துவிட்டுப் போனார்கள். திரையரங்கில் வெளியே செல்லும் வழி, வெளியே செல்லும் வலி ஆனது. எவ்வளவு மோசமான படமாக இருந்தாலும் அந்தக் கதவைத் தாண்டும்போது எல்லோருக்கும் நெஞ்சுக்குள் லேசாக வலித்தது; முதலாளிக்கு வசூல் கூடியது.

“அவ கைராசி அப்படி” என்றது ஊர். அச்சக முதலாளியே, “உங்க தங்கச்சிகிட்ட சொல்லி நம்ம வாசலுக்கும் ஒரு போர்டு எழுதி வாங்குங்களேன்” என்றார். அக்கா அன்று மதியம் சாப்பிடவில்லை. அவள் திருத்திய பக்கங்களை அடுக்கினால் அச்சகத்தின் கூரையைத் தொடும். அத்தனையிலும் ஒரு பிழை கிடையாது. அத்தனைக்கும் சேர்த்து ஒரு துளி பனி விழுந்ததில்லை. அவளும் ஒரு தாளில் பணி என்பதைப் பனி என்று தப்பாக எழுதி, சமையலறை ஜன்னலில் ஒட்டி, காத்திருந்து பார்த்தாள். கொசுதான் வந்தது. தெரிந்தே செய்கிற தப்பு தப்பில் சேராது என்று அவளுக்குப் புரிந்தது. தெரியாமல் செய்ய அவளுக்குத் தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்குப் புதுப் பலகை வைத்தது அந்தச் சமயத்தில்தான். பயணிகள் இறங்கும் இடம் என்பதை, தங்கை பயணிகள் இரங்கும் இடம் என்று எழுதினாள். அன்றிலிருந்து அங்கே கால் வைத்தவர்களெல்லாம் மனம் இளகிப்போனார்கள். பிக்பாக்கெட் அடித்தவன் பர்ஸைத் திருப்பிக் கொடுத்து, பத்திரம் என்று புத்தியும் சொல்லிவிட்டுப் போனான். டிக்கெட் பரிசோதகர் தன் பையிலிருந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். தெருமுனையில் யாராவது ஓடி வருவது தெரிந்தால், அவர் வந்து ஏறி மூச்சு வாங்கி முடிக்கும்வரை பேருந்துகள் நகரவில்லை.

அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வந்த முதல் நாள் மாலை, கணவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

“அங்க நிறுத்துனா வண்டிய எடுக்கவே மனசு வரல. ஓடி வர்றவங்க முகத்தப் பாத்தா நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே இருக்கு” என்றார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உன் கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? நாள் பூரா அந்தப் பொடி எழுத்தையே பாத்துட்டு இருக்க. கொஞ்சம் சாஞ்சு உக்காரு.”

துண்டை நனைத்துப் பிழிந்து அவள் கண்மேல் போட்டார். அது குளிர்ச்சியாக இருந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் இத்தனை வார்த்தை பேசுகிறார் என்று அவள் எண்ணிப் பார்த்தாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவரோ, “எல்லாம் உன் தங்கச்சி கைராசி” என்றார்.

ஈரத்துணிக்கு அடியில் அவள் கண் திறந்துகொண்டது. கூடவே இருந்து, சமைத்துப் போட்டு, துவைத்துப் போட்டுத் தனக்குக் கிடைக்காத இரக்கம், தங்கையின் ஓர் எழுத்துக்குக் கிடைத்துவிட்டது. அதுவும் தப்பான எழுத்து. அதற்குப் பிறகும் அவர் தினமும் பேசினார். அவள் தினமும் சந்தோஷப்பட்டாள், தினமும் வயிறு எரிந்தாள். ஒரு வாயில் சோற்றையும் கல்லையும் சேர்த்து மென்றதுபோல இருந்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம் அச்சகத்து ஏணியையும் இரண்டு பெயின்ட் டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போனாள். பட்டப்பகலில் ஏணியோடு வருகிறவளை யாரும் என்ன ஏது என்று கேட்பதில்லை. அதோடு அது இரங்கும் இடம். ஏணி ஆடுகிறதே என்று ஒருவர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். வெயிலில் நிற்கிறாளே என்று ஒரு பெண் குடையை உயர்த்திப் பிடித்தாள். அக்காவும் அந்த இடத்துக்குத் தப்பவில்லை. சுரண்ட ஆரம்பித்ததும், பள்ளிக்கூடத்தில் எழுத்துப்பிழைக்காகத் தங்கையை பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்ததும், இறங்கி வந்தவள் தன் பாவாடையைப் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்ததும் நினைவுக்கு வந்து, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள். சின்ன ர முழுக்க உதிர்ந்த நொடியில், குழாயை மூடியதுபோலக் கண்ணீர் நின்றது. ஏணியைப் பிடித்திருந்தவர் கையை எடுத்துவிட்டுப் போனார். குடை மடங்கியது. அவள் வெள்ளையைப் பூசி, காய்ந்தபின் கறுப்பில் பெரிய ற எழுதி, ஆடுகிற ஏணியில் தானாகவே இறங்கி வந்தாள்.

அன்று மாலை பேருந்துகள் நேரத்துக்குக் கிளம்பின. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்த ஒருத்தி, போகிற வண்டியின் தகரத்தில் ஓங்கி அடித்துவிட்டு நின்றாள். கணவர் வீட்டுக்கு வந்து சாவியை மாட்டினார், சோறு என்றார், சாப்பிட்டார், படுத்தார்.

மறுநாள் தங்கை வந்தாள்.

“உன் கை எனக்குத் தெரியாதா அக்கா? நீ எழுதற ற மட்டும்தான் இப்படி வெறச்சுட்டு நிக்கும்.”

“தப்புன்னா தப்புதானே” என்றாள் அக்கா.

“தப்புதான். யாரு இல்லன்னா? என்கிட்ட சொல்லியிருந்தா நானே மாத்தியிருப்பேன்ல. ஊரு பாக்க ஏணி வச்சு ஏறணுமா?” தங்கை கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை; அவள் முகம் அவமானத்தில் சுருங்கியிருந்தது. “இனிமே உன்னக் கேட்டுட்டே எழுதறேன்.”

கேட்டுத்தான் எழுதினாள். அச்சகத்துக்குப் போன் வரும். “அக்கா, பழமா, பலமா?” அக்கா சொல்வாள். பலகைகள் சரியாக இருந்தன, ஒன்றும் நடக்கவில்லை. பழைய பலகைகளையும் தங்கையே தேடிப் போய்த் திருத்தினாள். விளக்குகள் வாயை மூடிக்கொண்டன. திரையரங்கிலிருந்து மக்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். கைராசி போய்விட்டது என்று சொல்லி, ஊர் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவரிடம் போனது. தங்கையின் தூரிகைகள் டப்பாவிலேயே காய்ந்தன. அக்காவுக்கு முதல் மாதம் வயிறு குளிர்ந்தது. அடுத்த மாதம், பொறாமைப்பட யாரும் இல்லாத வீட்டில் மாலைப்பொழுதுகள் நீளமாக இருப்பதைக் கவனித்தாள். கணவரின் அமைதியும் அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது.

“ஏதாவது பேசுங்களேன்” என்றாள் ஒருநாள்.

“என்ன பேசணும்? நீயே சொல்லிக்கோ. சரியா இருக்கும்” என்றார் அவர். அவர் குரலில் கோபமே இல்லை. அவள் போய்ப் பாத்திரம் கழுவினாள்.

மழைக்கு முன் அடித்த காற்றில் நிறுத்தத்துப் பலகை பிடுங்கிக்கொண்டு போனது. நகராட்சி புதுப் பலகையை எழுதத் தங்கையிடமே கொடுத்தது; அந்த மாதத்தில் அவளுக்கு வந்த ஒரே வேலை அதுதான். அக்கா வேலை முடிந்து அங்கே இறங்கியபோது, தங்கை ஏணிமேல் நின்று, பயணிகள் இ என்பதுவரை எழுதி நிறுத்தியிருந்தாள்.

“நல்ல நேரத்துல வந்த. பெரிய றதானே அக்கா? போன தடவ நீ போட்டது?”

அக்கா பலகையைப் பார்த்தாள். பிறகு, கையில் பெயின்ட் வழிய, பதிலுக்காகக் கழுத்தைத் திருப்பியபடி நிற்கிற தங்கையைப் பார்த்தாள். வாழ்க்கையில் ஒருமுறைகூடத் தப்பான எழுத்தைச் சொல்லாத நாக்கு, மேலே போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

“சின்ன ர” என்றாள்.

“அப்ப போன தடவ?”

“அது என் தப்பு.”

தங்கை ஏணியிலிருந்து சறுக்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “உனக்குத் தப்பு வருமா?”

“ஏன், எனக்கு வரக்கூடாதா?”

தங்கை சிரித்த சிரிப்பில் டப்பாவிலிருந்த கறுப்பு அவள் சட்டையெல்லாம் தெறித்தது. அவள் மனசார நம்பிவிட்டாள். நம்பி, அனுபவித்து, வளைத்து, ஒரு சின்ன ர எழுதினாள். கடைசி ம்முக்குப் புள்ளி வைத்ததும், முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வழித்தடத்து வண்டிகள் இப்போது தாமதமாகத்தான் போகின்றன. பணிமனை நேர அட்டவணையை அதற்கேற்ப மாற்றி அச்சடித்துவிட்டது. தங்கை இன்னமும் போனில் கேட்டுத்தான் எழுதுகிறாள். அக்கா உடனே சொல்லிவிடுவதில்லை, எந்தக் கடைக்கு என்று கேட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்கிறாள். கைராசி திரும்பி வந்துவிட்டதென்று ஊர் தங்கையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. கணவர் மாலையில் வாய் ஓயாமல் பேசுகிறார், பாதி வாக்கியங்களுக்கு முடிவே இருப்பதில்லை. அக்கா தினமும் வேலை முடிந்து அந்த நிறுத்தத்தில் இறங்கும்போது, பாவம், சின்ன வயசிலிருந்தே அவளை எத்தனை பேர் திட்டியிருப்பார்கள் என்று தங்கைக்காக மனம் உருகுவாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். மருந்துக்கடைத் திருப்பம் வரைக்கும் அது இருக்கும். திருப்பம் தாண்டியதும் பொறாமை வந்து சேர்ந்துகொள்ளும், வீடுவரை கூடவே நடந்து வரும்.