டிக்கிக்குக் கீழே ஒரு மடிப்பு

...பின்பக்கத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்கள் என்று ரேணுகாவுக்குத் தெரிந்தே இருந்தது, முன்பக்கத்தைப் பற்றி யாருக்கும் பெரிய புகார் இருக்காது, பக்கவாட்டைப் புகழ்வார்கள், பின்னால் வந்ததும் நின்றுவிடுவார்கள், அப்படியேதான் நடந்தது. கோவளத்து ஓட்டலில் மேசைகளை இழுத்துச் சேர்த்து உட்கார்ந்திருந்த லியோரா கார்க்காரர்கள் எல்லோர் போனிலும் ஒரே படம், பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது, யாரும் தட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் பழைய லியோரா வைத்திருப்பவர்கள், மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் சேர்ந்து ஈ.சி.ஆரில் ஓட்டிவந்து நாஸ்தா சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள், இன்றைக்குப் பேச்செல்லாம் இன்னும் ஷோரூமுக்கே வராத புது லியோராவைப் பற்றி. வியாழக்கிழமை விளம்பரப் படம் எடுக்க அதை மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோன லாரி திருவிடந்தையில் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது, கடல் காற்று கார் மேல் போட்டிருந்த உறையைப் பாதி உரித்துவிட்டது, பைக்கில் வந்த யாரோ ஒரே ஒரு படம் எடுத்தார், அவ்வளவுதான், மதியத்துக்குள் ஊரெல்லாம் பார்த்துவிட்டது. "இன்னா மச்சான் இது, பின்னால பாத்தா தல போன எறா மாதிரி கீது" என்றான் ராஜாராம், எல்லோரும் சிரித்தார்கள், ரேணுகாவும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று சிரித்தாள், பிறகு யோசித்தாள், இறாலா, எந்த இடம் இறால், டிக்கி மேலே வளைகிறதே அதுவா, இல்லை விளக்கு இரண்டும் வால் மாதிரி விரிந்து ஓடுவதா... அவன் சொன்னதில் கொஞ்சம் இருக்கிறதோ, இத்தனை நாள் கிட்டே நின்று பார்த்த நமக்கு அது ஏன் தெரியவில்லை?

கிட்டே நின்றுதான் பார்த்தாள், அதுதான் வேலை. பரனூர்ப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத அந்த ஸ்டுடியோவில், கம்ப்யூட்டரில் வரைந்ததை முழு அளவுக் காராகக் களிமண்ணில் செய்கிற ஆட்களில் அவள் ஒருத்தி, பின்பக்கம் அவள் பொறுப்பு. சூடாக்கிய பழுப்புக் களிமண்ணை உள்ளங்கையால் அப்பி, சுரண்டியால் இழைத்து, மேலே பளபளப்பான தாளை ஒட்டி, விளக்கைப் போட்டு வெளிச்சம் எங்கே ஓடுகிறது எங்கே தடுக்குகிறது என்று பார்த்து, தாளை உரித்து மறுபடியும் சுரண்டி... மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவளுக்கு முதல் வருடம் அந்த மண்ணின் வாசனையே பிடிக்கவில்லை, மெழுகும் கந்தகமும் கலந்த வாசனை, சோற்றில் கைவைத்தால் சோறும் அப்படியே மணந்தது, இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அது இல்லாமல் கை வேறு யாருடையதோ போல் இருக்கிறது. வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது, வீட்டிலும் கூடாது, சேரும்போதே எழுதிக்கொடுத்தது, அதனால் கேட்கிறவர்களிடமெல்லாம் கணக்குப் பிரிவு என்று சொல்லிவைத்தாள். புருஷன் கலைவாணனிடம் மட்டும் டிசைன் பக்கம் என்று சொன்னாள், என்ன டிசைன் என்று அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அவன் மருந்துக் கம்பெனி ரெப், செங்கல்பட்டிலிருந்து மதுராந்தகம், அச்சிறுபாக்கம் என்று நாளெல்லாம் பழைய லியோராவில் சுற்றுகிறவன், வண்டியை அவன் துடைப்பதைப் பார்த்தால் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல இருக்கும்.

எதிர் வரிசையில் தாவீது, ஓய்வுபெற்ற பேங்க்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சைடுல போவுது பாரு ஒரு கோடு, முன் வெளக்குலேர்ந்து பின் வெளக்கு வரைக்கும், அது போதும்பா, அதுக்கே குடுக்கலாம் காசு" என்றார். அந்தக் கோடு ரேணுகாவுடையது இல்லை, அது வேண்டாம் என்றுகூடச் சொன்னாள், கதவு கனமாகத் தெரியும் என்றாள், யாரும் கேட்கவில்லை, இப்போது அதைத்தான் புகழ்கிறார்கள். பக்கத்தில் ஜெஸ்ஸி, கேளம்பாக்கத்தில் நர்ஸ், தனியாகவே ஓட்டிக்கொண்டு வருகிறவள், "கூரை பின்னால இப்படி சரிஞ்சா எங்க நைனா எப்படி ஏறுவாரு, தல இடிக்கும், அழகு இன்னாத்துக்கு அண்ணா" என்றாள், அது நியாயம், அதை ஸ்டுடியோவிலும் ஒருவர் சொன்னார், அப்புறம் சொல்லவில்லை. ஒருவர் பின்பக்கம் முறைக்கிறது என்றார், ஒருவர் தூங்குகிறது என்றார், ஒரே விளக்குகள்தானே, எப்படி முறைக்கவும் தூங்கவும் முடியும்... ரேணுகா கரண்டியால் பொங்கலைத் தட்டின் ஓரத்தில் அழுத்தி வழித்து மட்டமாக்கிக்கொண்டிருந்தாள், என்ன செய்கிறோம் என்று தெரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள், யாராவது பார்த்தார்களா?

நாளைக்கு ஸ்டுடியோவில் எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். படம் எடுத்தது தற்செயல் இல்லை, லாரி அங்கே நிற்கும் என்று உள்ளேயிருந்து யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள் என்பது கம்பெனியின் சந்தேகம், வெள்ளிக்கிழமையே போன்களை வாங்கிப் பார்த்தார்கள், வீட்டில் கார்ப் பைத்தியம் யாராவது உண்டா, ஏதாவது குரூப்பில் இருக்கிறார்களா என்று கேட்டார்கள். அவள் புருஷனுக்குக் கார் பிடிக்கும் என்று சொன்னாள், குரூப் என்று சொல்லவில்லை, பொய் சொல்லவில்லை, முழுதாகவும் சொல்லவில்லை. இன்றைக்கு வராமல் இருந்திருக்கலாம், ஆனால் மாதாமாதம் வருகிறவள் இந்த மாதம் மட்டும் வராவிட்டால் அது இன்னும் மோசம் என்று தோன்றியது, வந்தாயிற்று, இட்லி வேண்டுமா என்று கேட்கிறார்கள், வேண்டாம். அப்போதுதான் ராஜாராம் எழுந்து போனை ஒரு குச்சியில் மாட்டினான். அவனுக்கு ஒரு கார் சேனல் உண்டு, வேலை என்னவோ ஏசி மெக்கானிக்தான், ஆனால் சேனலைத்தான் வேலை என்பான், "அல்லாரும் ஒரு வார்த்த சொல்லுங்க, சாயங்காலமே போட்ருவேன்" என்று தாவீதிடம் ஆரம்பித்து, ஜெஸ்ஸியிடம் வந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு ரேணுகாவின் முன்னால் வந்து நின்றான். "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. ஆமா, நீங்க பரனூர்லதான வேல? அது இவுங்க கம்பெனிதான? உள்ள பாத்துட்டே சும்மா குந்தினுகீறீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான், போனின் கண் அவளைப் பார்த்தபடியே இருந்தது, அவள் தட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

"அவள இன்னா கேக்குற ராஜா" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கலைவாணன் நடுவில் புகுந்தான், குச்சியைக் கையால் தன் பக்கம் திருப்பிக்கொண்டான், "அவளுக்குக் கணக்கு வேல, காருன்னா நாலு சக்கரம்னு மட்டும்தான் தெரியும், என்னக் கேளு நான் சொல்றேன். இத செஞ்சவன் கார் ஓட்டினதே கெடையாது. வெளக்கு ரெண்டும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துகினு போவுது, அத்த நிறுத்த வழி தெரியாம டிக்கிக்குக் கீழ ஒரு மடிப்பு வுட்டுட்டான். கட்டவெரலால அழுத்தினா மாதிரி. ஈரமா கீற எடத்துல அழுத்திட்டு, அப்படியே கைய எடுத்துட்டா மாதிரி." ராஜாராம் "சூப்பர் அண்ணாத்த" என்றான், யாரோ கைதட்டினார்கள். ரேணுகாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது, செஞ்சவன், செஞ்சவனாம், தினமும் செங்கல்பட்டு நெரிசலில் ஓட்டிக்கொண்டு போகிறவள் நான், எல்லோருக்கும் நடுவில் சொந்தப் புருஷன்... பிறகு கோபம் பாதியில் நின்றது. மடிப்பா? எந்த மடிப்பு? எதிரே இருந்த ஜெஸ்ஸியின் போனை இழுத்துப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள், காற்று உரித்தது மேல்பாதியை மட்டும், விளக்குகள் தெரிகின்றன, டிக்கி தெரிகிறது, அதற்குக் கீழே கறுப்பு உறை கயிற்றோடு அப்படியே கட்டியிருக்கிறது. மடிப்பு உறைக்கு உள்ளே இருக்கிறது. கம்ப்யூட்டர் கொடுத்தது நேரான விளிம்பு, அது எத்தனை தரம் இழைத்தும் செத்துக் கிடந்தது, ஒருநாள் அவள் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள், ஸ்டுடியோவுக்குத் தலைவரான பெரியவர் வந்து பார்த்துவிட்டு இருக்கட்டும் என்றார், அந்தக் காரிலேயே முழுக்க அவளுடையது என்றால் அது ஒன்றுதான், ஸ்டுடியோவுக்கு வெளியே அதை யாரும் பார்த்ததில்லை. இந்த வீடியோ சாயங்காலம் போய்விடும், கம்பெனி இப்போது ஒன்றுவிடாமல் பார்க்கிறது, படத்தில் இல்லாத மடிப்பை ஒருவன் சொல்கிறான், அவன் யார், அவன் பெண்டாட்டி எங்கே வேலை...

"ராஜாராம், இருங்க" என்று எழுந்தாள், குரல் சாதாரணமாகத்தான் வந்தது, "அவரு மீசையில சட்னி ஒட்டினுகீது, இதோடவா போடப்போறீங்க? நாளைக்கு டாக்டருங்க அல்லாம் பாத்து சிரிப்பாங்க, திருப்பி எடுங்க." மீசையில் ஒன்றும் இல்லை. புடவைத் தலைப்பால் அவன் மேலுதட்டை அழுத்தித் துடைத்தாள், துடைக்கும்போது வாய் அசையாமல், "மடிப்பு வேணாம்" என்றாள், அவன் கண் ஒரு நொடி அவளிடம் நின்றது, பிறகு, "சே, பேஜாரு, ஆமாம்பா, திருப்பி எடு" என்றான். "ஐயோ, போன்ல எடமே இல்ல, முதல்ல எடுத்தத தூக்கிட்டு எடுக்கிறேன்" என்று ராஜாராம் சலித்துக்கொண்டே அழித்தான், அவள் தோளுக்கு மேலாக எட்டி அது போனதைப் பார்த்தாள். இரண்டாவது தரம் கலைவாணன், "பழசுதான் பெஸ்ட், இது எறா மாதிரிதான் கீது, வெல இன்னான்னு பாத்துட்டு சொல்லலாம்" என்றான், எல்லோரும் சொல்வது போலவே இருந்தது, யாரும் கைதட்டவில்லை.

திரும்பும்போது ஜன்னலை இறக்கிவிட்டு வந்தார்கள், திருவிடந்தை வளைவு வந்தது, இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல இருந்தார்கள். கேட்க வேண்டும், கேட்காமல் நாளைக்கு ஸ்டுடியோவில் போய் உட்கார முடியாது, இவன்தான் யாரிடமாவது... அந்த நினைப்பு வந்ததே அசிங்கமாக இருந்தது, வந்துவிட்டது, என்ன செய்ய. "மாமா, அந்த மடிப்பு உனக்கு எப்படித் தெரியும்?" வண்டி கொஞ்ச தூரம் போயிற்று, முன்னால் ஒரு டவுன் பஸ், அதைத் தாண்டிவிட்டுச் சொன்னான், "சோப்பு." எந்த சோப்பு? "துணி சோப்பு. போன வருசம் ஒரு நாள் நீ வூட்ல பின்னால குந்திகினு ஸ்பூன் காம்பால இன்னாவோ செதுக்கினு இருந்த, நான் கேட்டுக்கு வெளிய வண்டிய கழுவினு இருந்தேன். அப்பால சட்ட தோய்க்கசொல்ல கையில மாட்டிச்சு. காரு பின்பக்கம், சின்னதா. கீழ அந்த எடத்துல கட்டவெரலு அப்படியே போயி குந்திகிச்சு." அவளுக்கு அது ஞாபகமே இல்லை, இப்போது சொன்னதும் வந்தது, மண்ணில் சரியாக வராத ஒரு வாரம், விரல் சும்மா இருக்காமல் செதுக்கியது, வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துபோனது, அப்படியானால் ரகசியத்தை வெளியே கொண்டுவந்து போட்டவள் நானேதானா? "அத்த இன்னா பண்ண?" "தோச்சேன். சோப்புதான?" கியரை மாற்றினான். "தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கல நீ." "நீ சொல்லக்கூடாதுன்னு இருந்த. நான் கேட்டா நீ பொய் சொல்லணும்."

பட்டிபுலம் வந்தது. பிறகு அவனே, "அவன் அப்படிக் கேக்கசொல்ல நான் நல்லா கீதுன்னு சொல்ல முடியுமா, சந்தேகம் வராதா, அதான் திட்டினேன். படத்துல அந்த எடம் மூடி கீதுன்னு நான் கவனிக்கல, வாயில வந்துருச்சு" என்றான், சரி என்றாள், நிஜமாகவே சரிதான், அவன் காப்பாற்றப் பார்த்திருக்கிறான், காப்பாற்றப் பார்த்தே கவிழ்க்கப் பார்த்திருக்கிறான், அவள் சமாளித்துவிட்டாள், முடிந்தது. அப்படியானால் நிஜமாக எப்படி இருக்கிறது என்று கேட்கலாம், நாக்கு நுனி வரைக்கும் வந்தது, கேட்டால் நல்லா கீது என்பான், புருஷன் சொல்கிற நல்லா கீது, தாவீது சொல்வதற்கு இருக்கிற விலைகூட அதற்கு இருக்காது, கேட்காமல் விட்டாள். பூஞ்சேரியில் வலது பக்கம் திருப்பி, திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஏறினான், வெயில் முதுகுப் பக்கம் போயிற்று. கட்டைவிரலால் அழுத்தினாற்போல, ஈரமாக இருக்கிற இடத்தில் அழுத்திவிட்டு அப்படியே கையை எடுத்துவிட்டாற்போல... இதில் எங்கே இருக்கிறது திட்டு? காலையிலிருந்து இறால் என்றார்கள், முறைக்கிறது என்றார்கள், ஸ்டுடியோவில் இத்தனை பேர் இத்தனை கூட்டம் போட்டு அந்த இடத்தைப் பற்றிப் பேசினார்கள், அது எப்படி வந்ததோ அதை அப்படியே சொன்னது இவன் ஒருவன்தான், அதையும் அழிக்கச் சொல்லி, அழிந்ததா என்று எட்டியும் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அந்த வீடியோவை இன்னொரு தரம் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும், குரல் எப்படி இருந்தது, கடைசி வார்த்தையில் மெதுவானானா, கேமராவைப் பார்த்துச் சொன்னானா இல்லை அவளைப் பார்த்தா... நினைத்து நினைத்துப் பார்த்தாள், அவன் முகம் வரவே இல்லை, அவன் அதைச் சொன்ன நேரத்தில் அவள் தலையைக் குனிந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.