ரோட்டைச் சுருட்டியவர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளலாம். நான் சைக்கிளில் போன ஒரு காலைப்பொழுதைச் சொல்கிறேன்.

அப்போது வரி கட்டியவர்கள் தங்கள் பங்கு ரோட்டை வீட்டுக்கு எடுத்துப்போகலாம் என்று இருந்தது. பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. வீட்டில் வைக்க இடம் கிடையாது.

என் தம்பி மகள் செண்பகவடிவுக்குப் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்திருந்தது. டாக்டர் தட்டிப் பார்த்தும் அழவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. முதல் துளி சீனித்தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்தால்தான் அழும். அதற்குச் சேனை என்று பெயர். வைக்கிறவர் குணம் பிள்ளைக்கு வரும். குடும்பத்தில் சாந்தமானவள் நான்தான் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வழியில் யாரிடமும் கோபப்பட்டுவிடாதே என்று தம்பி போனில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

வண்ணார்பேட்டை தாண்டியதும் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. பிறகு பக்கத்தில் வந்தது. கண்ணாடியில் சங்கரபாகம் என்று சொந்தக்காரர் பெயர் எழுதியிருந்தது. அவரேதான் ஓட்டிவந்தார்.

“யக்கா, ரோட்டுக்கு வரி கட்டிருக்கியளா?”

“சைக்கிளுக்கு ஏது தம்பி வரி?”

“நான் ஆயுசுக்கும் சேத்துக் கட்டிருக்கேன். எறங்குங்க.”

ஓரமாகத்தானே போகிறேன் என்றேன். ஓரமும் அதில் சேர்த்தி என்றார். சைக்கிள்காரர்கள் சிக்னலில் நிற்பதில்லை, கையும் காட்டுவதில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தார். கார்களைப் பற்றி எனக்கும் சொல்ல நிறைய இருந்தது. பிள்ளைக்காக ஹேண்டில்பாரில் தொங்கவிட்டிருந்த தூக்குச்சட்டியில் சீனித்தண்ணீர் லேசாகக் கொதித்தது. கோபத்தை விழுங்கினேன். கொதி அடங்கியது.

அவர் இறங்கி, ரோட்டின் விளிம்பைத் தூக்கி, பாய் மாதிரிச் சுருட்ட ஆரம்பித்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்தார். வெள்ளைக் கோடு உள்பக்கம் வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரோட்டுக்கு அடியில் தரை இல்லை. வெகு ஆழத்துக்கு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அடுக்கடுக்காக. ரோடு போடுவதற்கு முன்னால் அந்த வழியே நடந்தவர்கள் எல்லாரும். உப்பு மூட்டைக்காரிகள், பல்லக்குத் தூக்கிகள், கன்றுக்குட்டியைத் தோளில் போட்டவர்கள். அவர்களுக்கும் கீழே யானைகள். ஒருவர்மேல் ஒருவர் இடிக்கவில்லை. அத்தனை பேர் நடக்கிற சத்தம், தூரத்தில் மழை வருவதுபோல் இருந்தது.

சைக்கிள் விழவில்லை. மிதித்துக்கொண்டே இருந்தால் சைக்கிள் விழாது.

கார் கீழே போய்விட்டது. சத்தமில்லாமல், பல்லக்குகளோடு பல்லக்காகப் போயிற்று. சங்கரபாகம் சுருளைக் கட்டிக்கொண்டு விளிம்பில் நின்றார். போக இடமில்லை. கேரியரில் ஏறிக்கொள்ளச் சொன்னேன்.

ஏறிக்கொண்டார். கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

“இவங்கல்லாம் வரி கட்டினவங்களாக்கா?”

ஓர் உப்புக்காரி அண்ணாந்தாள்.

“கட்டினோம்யா,” என்றாள். “யாருக்குன்னு மறந்துபோச்சு.”

அவர் சுருளைக் கையிலிருந்து விட்டார். அது விரிந்துகொண்டே கீழே போயிற்று. அவர்கள் அதன்மேலும் நடந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் கட்டில்வரைக்கும் ஓட்டிப்போனேன். ஸ்டாண்ட் போடச் சொன்னார் நர்ஸ். பிள்ளை வாயைத் திறந்தபடியே இருந்தது. உதடு காய்ந்திருந்தது.

விரலை நனைத்து நாக்கருகே கொண்டுபோனேன். விரல்நுனியில் சீனித்தண்ணீர் கொதித்தது. விழுங்கிய கோபம் எங்கும் போகவில்லை. வயிற்றில்தான் இருந்தது. கையை இழுத்துக்கொண்டு, கேரியரிலிருந்து இறங்கிய சங்கரபாகத்தைப் பார்த்தேன்.

“நீங்க வைங்க தம்பி.”

“எனக்குக் கோவம் ஜாஸ்தி யக்கா. ஊருக்கே தெரியும்.”

“இப்ப இருக்கான்னு பாருங்க.”

அவர் சட்டைப்பையில் பார்த்தார். பேண்ட் பையிலும் கையை விட்டுப் பார்த்தார்.

“இல்ல,” என்றார்.

என் தம்பி முகத்தைச் சுளித்தான். யார் இந்த ஆள் என்று கேட்டான். படுத்திருந்த செண்பகவடிவுதான் வாய் திறந்தாள்.

“வைக்கட்டும்ப்பா.”

அவர் விரலை நனைத்துக்கொண்டார். ஒரு துளி வைத்தார். பிள்ளை சப்புக்கொட்டியது. பிறகு அழுதது.

அந்தச் சத்தத்துக்கு, கீழே போய்க்கொண்டிருந்த அத்தனை பேரும், யானைகள் உட்பட, நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒதுங்கி, அந்தப் பிள்ளைக்கு நடுவில் வழி விட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் நன்றாக அழட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் யாராக இருந்தாலும், அவர்கள் கால் வைக்க இடம் குறையாதிருக்கட்டும்.