இன்ஜின் ஓடும்போது மட்டும்

வானதி அனுப்பும் வாசிப்புப் பதிவுகள் மட்டும் ஏன் எப்போதும் காது கிழியும் இரைச்சலோடு வருகின்றன என்று பிரதீபா டீச்சருக்குப் புரியவில்லை.

திருப்பனந்தாளிலிருந்து உள்ளே தள்ளியிருந்த தொடக்கப்பள்ளி அது. பிரதீபா அங்கே மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் தினமும் வீட்டில் ஒரு பக்கம் சத்தமாகப் படித்து, அம்மாவின் போனில் பதிந்து, தன்னுடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்ப வேண்டும் என்பது அவரே கொண்டுவந்த ஏற்பாடு. மற்ற பிள்ளைகளின் பதிவுகள் சாயங்காலம் வரும். பின்னால் டிவி ஓடும், குக்கர் விசிலடிக்கும். வானதியுடையது ஒருநாள் விடியற்காலையில் வரும், இன்னொரு நாள் பொழுது சாயும்போது, ஞாயிற்றுக்கிழமையானால் நட்டநடு வெயிலில். இரைச்சலுக்கு நடுவே கனத்த, கரகரத்த குரல் ஒன்று கதையைத் தடையில்லாமல் படித்துப் போகும்.

அதே பக்கத்தை வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் வானதியின் உதடுகள்தான் அசையும். கிசுகிசுவென்று காற்று வரும். பாதியில் அதுவும் நின்றுவிடும்.

"வேற யாரோ படிக்கிறாங்க டீச்சர்," என்றார் தலைமை ஆசிரியர் இளையபெருமாள். "ஆள் தெரியக் கூடாதுன்னு பக்கத்துல எதையோ ஓட விடுறாங்க."

"ஆம்பளைக் குரல் மாதிரியும் இருக்கு சார்."

"சித்தப்பா, மாமான்னு யாராவது இருப்பாங்க. நீங்க பதிவு கேட்டீங்க, அவங்க பதிவு குடுத்துட்டாங்க. கணக்கு சரியாப் போச்சு."

வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பை மூன்றாகப் பிரித்தாக வேண்டும். எழுத்து பழகுகிறவர்கள் அரும்பு, சொல் கூட்டுகிறவர்கள் மொட்டு, தானே படிக்கிறவர்கள் மலர். கதை படிக்கத் தெரிந்த பிள்ளையை அரும்பில் போட்டால் அது வருஷம் முழுக்க 'அ'னாவைத் தடவிக்கொண்டிருக்கும். தெரியாத பிள்ளையை மலரில் விட்டால் கண்ணைக் கட்டி விட்டது போலாகும். எப்படித் தவறினாலும் வானதிக்கு ஒரு வருஷம் போய்விடும்.

வானதியை அழைத்துப்போக வந்த அவள் அம்மா மாலதியை வாசலிலேயே பிரதீபா பிடித்தார்.

"பதிவுல வானதிதான் படிக்கிறாளா?"

"பின்ன யாரு டீச்சர்?"

"வகுப்புல வாயே திறக்க மாட்டேங்குறாளே."

"வீட்டுலயும் அப்படித்தான். நான் படிச்சு அனுப்புறேங்குறீங்களா? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ நான், கேட்டா நீங்களே விழுந்து விழுந்து சிரிப்பீங்க."

"பின்னாடி என்ன சத்தம் அது?"

"ஆயில் இன்ஜின்."

"இன்ஜின் பக்கத்துல உக்காந்து யாராவது படிப்பாங்களா?"

மாலதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அங்கதான் படிப்பேங்குறா. குறுவை நடவு தலைக்கு மேல கிடக்கு. நான் என்ன, பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டா இருக்கேன்?"

பதில் நழுவுகிற மாதிரி இருந்தது. சந்தேகம் கூடிற்று. மறுநாள் சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனார் பிரதீபா.

வரப்பில் நின்ற மாலதிக்கு முகம் கறுத்தது. ஆனாலும் கேட்டதற்குச் சொன்னாள். பம்புசெட்டுக்கு மின் இணைப்பு கேட்டு எழுதிப்போட்டு இன்னும் வரவில்லை. அதனால் ஆழ்துளைக் கிணற்றில் ஆயில் இன்ஜின் வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள். இன்ஜின் கொழுந்தனுக்கும் பொது. முறை மாறி மாறி வரும். பதிவு கண்ட நேரத்தில் வந்த காரணம் விளங்கிவிட்டது. குரல்?

பிரதீபா இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த கொட்டகையின் பின்பக்கமாகப் போனார். உள்ளே இரைச்சலுக்கு நடுவே அதே கனத்த குரல். அந்த ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று எட்டிப் பார்த்தார்.

ஆள் யாரும் இல்லை. வானதிதான் போனை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் படித்துக்கொண்டிருந்தாள்.

கிசுகிசுக்கும்போது தொண்டையில் குரல்நாண்கள் அதிர்வதில்லை. மூச்சு மட்டுமே வெளியே வரும். அதனால் யார் கிசுகிசுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். பள்ளி திறந்ததிலிருந்து வானதியின் கிசுகிசுப்பை மட்டுமே கேட்டிருந்த பிரதீபாவுக்கு அவள் குரல் தெரிய வழியே இருந்ததில்லை.

வயல் நிறைந்துவிட்டதென்று மாலதி இன்ஜினை நிறுத்தினாள். அந்தக் கணமே, சொல்லின் பாதியில், வானதியும் நின்றாள். டீச்சரை அவள் இன்னும் பார்த்திருக்கவில்லை.

"ஏம்மா நிறுத்திட்ட?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "கேக்கும்," என்று கிசுகிசுத்தாள்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும். தவளைம்பாங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பிரதீபா யோசித்தார். இன்ஜின் அப்படி என்னதான் செய்கிறது? அது ஓடினால் வானதியின் குரல் பக்கத்தில் நிற்பவரைத் தாண்டாது. வகுப்பிலோ ஒரு பிள்ளை எழுந்ததும் 'உஷ்' என்று மற்றவர்களை அடக்குவது டீச்சரேதான். அந்த அமைதியில் எந்தக் குரலும் மொட்டையாக, தனியாக நிற்கும். மறுநாள் வானதியை மட்டும் அலுவலக அறைக்கு அழைத்துப் படிக்கச் சொன்னார். அங்கே அமைதி இன்னும் கூடுதல், உதடுகூட அசையவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரையும் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். ஆளுக்கொரு கதை. எல்லோரும் ஒரே நேரத்தில், எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாக.

இளையபெருமாள் ஓடிவந்தார். "என்ன டீச்சர், சந்தைக்கடையாட்டம் இருக்கு?"

"பரீட்சை நடக்குது சார்."

பிரதீபா ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குந்தி உட்கார்ந்து, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். வானதியிடம் வந்தபோது அந்தக் கரகரத்த குரல் கேட்டது. ஓரிடத்தில் தடுக்கியது; வரியின் தொடக்கத்துக்குப் போய், எழுத்தைப் பார்த்துச் சரியாகப் படித்து மேலே போயிற்று. மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளை அப்படித் திரும்பிப் போய்ப் பார்க்காது.

மலர் என்று பதிந்தார்.

அன்று முதல் மூன்றாம் வகுப்பில் யாரும் தனியாக எழுந்து நின்று படிப்பதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அவரவர் பக்கத்தைச் சத்தமாகப் படிக்கிறார்கள். டீச்சர் ஒவ்வொருவர் அருகிலும் போய் உட்கார்ந்து கேட்கிறார்.