நின்ற வண்டியின் நடுக்கம்

மீட்டர்க்காரர் தன் டீசல் காரைக் கிளப்பினால் தெருவுக்கே தெரிந்துவிடும். ஜன்னல் கண்ணாடிகள் பல்லைக் கடிக்கும். பூனைகள் வீடு மாறும். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட சட்டைகள் தாமே உதறிக்கொள்ளும். வண்டிக்கு என்ன வயசு என்று யாராவது கேட்டால், "என் பொண்ணுக்கு ரெண்டு வயசு இளையது, ஆனா சொன்ன பேச்சு கேக்கும்" என்பார்.

குடிநீர் வாரியத்தில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர் அவர். எந்த வீட்டு நாய் கடிக்கும், எது கடிக்கிற மாதிரி நடிக்கும், எந்த வீட்டு மாமியார் குழாயைத் திறந்துவிட்டு மருமகள் மேல் பழியைப் போடுவாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மீட்டரைப் பார்க்காமல் குத்துமதிப்பாக ரீடிங் எழுதியதில்லை என்பதில் மனுஷனுக்கு ஏகப்பட்ட கர்வம். ஓய்வு பெற்ற அன்று பிரிவு உபசாரத்தில் போட்ட மாலை வாடுவதற்குள், ஊரில் ஒரு வாசலிலும் நுழைவதற்கு அவருக்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது.

அப்போது வீட்டில் மனைவியாவது இருந்தாள். மகளின் பிரசவத்துக்கென்று கடல் தாண்டிப் போனவள், குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றாள். நின்றது. குப்புற விழட்டும் என்றாள். விழுந்தது. பல் முளைக்கட்டும், தவழட்டும் என்று நாள் நீண்டது. இந்த லட்சணத்தில் போனால் பேத்திக்குக் கல்யாணமாகி, அவளுக்கும் ஒரு பிரசவம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள் என்று மீட்டர்க்காரர் கணக்குப் போட்டார். வாய்விட்டு மட்டும் ஒரு நாளும் வா என்று சொன்னதில்லை. ஃபோனில், "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார். ராஜாவின் ராத்திரிச் சாப்பாடு ரொட்டியும் ஜாமும்.

சாயங்காலம்தான் பொல்லாத நேரம். ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஒருவழியாகச் சமாளிக்கலாம். அது ஒரு கனைப்புக் கனைத்து நிற்கும் பாருங்கள், ஒரு லாரி நிறைய அமைதியைக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினாற்போல் இருக்கும். அதற்குப் பயந்து அவர் வெளியே வருவார். வாசலையொட்டி, மேலே தகரக் கூரையும் மூன்று பக்கமும் வெட்டவெளியுமாக இருந்த ஷெட்டில் கார் நிற்கும். ஏறி உட்கார்ந்து கிளப்புவார். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, ரேடியோவில் செய்தி வைப்பார். வண்டி எங்கேயும் போகாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கடகடவென்று அது பேசுவதைக் கேட்டபடி இருப்பார். தெருவில் யாராவது போனால், இப்போதுதான் வந்து நிறுத்தியவர் மாதிரி சாவியைத் தொடுவார்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் ஸ்டியரிங் நடுங்கியது.

முதலில் வண்டி என்றுதான் நினைத்தார். பிறகு கையைத் தூக்கி விரல்களைப் பார்த்தார். விரல்களும் ஆடுகிற மாதிரி இருந்தது. உள்ளே போய் டீ போட்டார்; தம்ளர் சாஸரில் கிணுகிணுத்தது. அன்று ராத்திரி அவர் பயந்த பயத்துக்குக் கட்டில்கூட நடுங்கியிருக்கும்.

மறுநாள் ஃபோனில் வாய் தவறி, "கை கொஞ்சம் நடுங்குது. நேத்து டீ தம்ளர்கூட ஆடுச்சு" என்றார்.

அந்தப் பக்கம் குழந்தைச் சத்தம், மிக்ஸிச் சத்தம் எல்லாம் நின்றது. "எங்க, காட்டுங்க" என்றாள் மனைவி.

ஒரு கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு மறு கையைக் காட்டினார். படம் ஆடியது. "அப்பா, எந்தக் கை ஆடுது? பிடிச்சிருக்கிற கையா, காட்டுற கையா?" என்று மகள் கேட்டாள். அவருக்கே தெரியவில்லை.

"டாக்டர்கிட்ட போங்க" என்றாள் மனைவி. "நிஜமாவே கைதான்னா சொல்லுங்க. அடுத்த ஃபிளைட்ல வந்துடறேன். இவ பாத்துப்பா இவ குழந்தையை."

ஃபோனை வைத்த மீட்டர்க்காரருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்துக்குள்ளேயே யாரோ சீட்டியடிக்கவும் செய்தார்கள். கை நடுங்கினால் அவள் வருவாள். நடுங்காவிட்டால் வரமாட்டாள். நேரே டாக்டரிடம் போயிருக்கலாம். ஆனால் பார்க்காமல் ரீடிங் எழுதாத ஆசாமி அல்லவா? டாக்டரிடம் கையை நீட்டுவதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிடுவோம் என்று பட்டறைக்கு விட்டார்.

பட்டறையை நடத்துகிறவளுக்கு ஸ்பேனர் அக்கா என்று பெயர். புருஷன் ஆரம்பித்த பட்டறை; அவர் போன பிறகு மூடிவிடுவாள் என்று ஊர் காத்திருந்தது. காத்திருந்த ஊரின் வண்டிகளெல்லாம் இப்போது அவளிடம்தான் வந்து படுக்கின்றன. நெற்றியில் எப்போதும் ஒரு கிரீஸ் தீற்றல். ஓயாத வாய்.

"எப்ப ஆடுது சார்? வேகமா போறப்பவா, பிரேக் அடிக்கிறப்பவா, சும்மா நிக்கிறப்பவா? இந்த மூணுல ஒண்ணைச் சொல்லிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது."

சும்மா நிற்கும்போது என்று சொல்ல வாயெடுத்தார். ஏன் சும்மா நின்றீர்கள் என்று அடுத்த கேள்வி வருமே. "வேகமா போறப்பதான்" என்று சொல்லிவிட்டார்.

"அப்ப வீல் பேலன்ஸ்தான். சக்கரம் ஒரு பக்கம் கனமா இருந்தா கையில வந்து சொல்லும். கண்ணை மூடிட்டுச் சொல்வேன்."

கண்ணை மூடிக்கொண்டு சொன்னதில் ஒரு பகல் போனது. நாலு சக்கரத்தையும் கழற்றி, மெஷினில் சுற்றவிட்டு, விளிம்பில் ஈயத் துண்டுகளை ஒட்டி மாட்டினாள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நெடுஞ்சாலையில் விரட்டினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அடித்துப் பிடித்து பிரேக் போட்டாள். ஸ்டியரிங் அசையவில்லை.

"பாத்தீங்களா, தொட்டில் மாதிரி போகுது" என்று சாவியைக் கொடுத்தாள்.

அன்று சாயங்காலம் ஷெட்டில், ஏசியைப் போட்டதும் தொட்டில் பேயாட்டம் ஆடியது. மறுநாள் மறுபடி பட்டறை. மறுபடி நெடுஞ்சாலை. ஒரு நடுக்கமும் இல்லை. ஸ்பேனர் அக்கா வண்டியை ஓரம் கட்டினாள்.

"சார், என் புருஷன்கூட இவ்வளவு அலைக்கழிச்சதில்லை. வண்டி ஆடலை. எங்க ஆடுதோ அங்க கூட்டிட்டுப் போங்க."

மீட்டர்க்காரர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "ஷெட்ல" என்றார்.

"ஷெட்லயா? நின்ன வண்டியிலயா?"

"நின்ன வண்டியிலதான்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. அதற்காகவே அவளுக்குக் கோயில் கட்டலாம் என்று அவருக்குத் தோன்றியது.

ஷெட்டில் அவள் பக்கத்து சீட்டில் ஏறினாள். மனைவி போன நாளிலிருந்து அந்த சீட்டில் ஒரு ஈகூட உட்கார்ந்ததில்லை. சீட் முன்னால் தள்ளியிருந்ததால் ஸ்பேனர் அக்காவின் முட்டி டாஷ்போர்டில் இடித்தது. குனிந்து, சீட்டைப் பின்னால் தள்ளும் நெம்புகோலை அடியில் தேடினாள்.

"அதை மட்டும் நகத்தாதீங்க" என்றார் மீட்டர்க்காரர்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு முட்டியை மடக்கிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். "தினம் என்னென்ன செய்வீங்களோ அத்தனையும் செய்யுங்க. நான் இல்லேன்னு நெனச்சுக்குங்க."

கிளப்பினார். கண்ணாடியை ஏற்றினார். ஏசியைத் திருகினார். ரேடியோவில் யாரோ எங்கேயோ பாலம் திறந்ததைச் சொன்னார்கள். ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது.

"எவ்வளவு நேரம் இப்படி இருப்பீங்க?"

"செய்தி முடியிற வரைக்கும்."

"ஒரு செய்தியா?"

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். அவள் கையை நீட்டி ஸ்டியரிங்கின் மேல்பக்கத்தைப் பிடித்தாள். ஒரே சக்கரத்தில் மூன்று கைகள். "அட, எனக்கும்தான் நடுங்குது. ஏசியை நிறுத்துங்க."

நிறுத்தினார். அடங்கியது.

"போடுங்க."

ஆடியது.

"இப்ப இன்ஜினையே நிறுத்துங்க. கையை மட்டும் எடுக்காதீங்க."

மீட்டர்க்காரரின் விரல் சாவியிலேயே நின்றது. இந்தச் சோதனை அவருக்குப் புதிதா என்ன? எங்கேயோ தண்ணீர் ஒழுகுகிறது என்று புகார் வந்தால், வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு மீட்டர் முள்ளைப் பார்ப்பார். முள் நகர்ந்தால் ஒழுக்கு, நகராவிட்டால் இல்லை. ஆயிரம் வீட்டில் செய்ததை, இத்தனை சாயங்காலமும் தன் ஸ்டியரிங்கில் மட்டும் அவர் செய்து பார்க்கவில்லை. சாவியைத் திருப்பிவிட்டு, அந்தக் கையையும் ஸ்டியரிங்கில் வைத்தார்.

இன்ஜின் நின்றது. ரேடியோ நின்றது. பத்து விரல்களும் ஸ்டியரிங்கின் மேல், ஆணியடித்த மாதிரி அசையாமல் இருந்தன.

"இன்ஜின் மவுண்ட்" என்றாள் அவள். "இன்ஜினுக்கு அடியில ரப்பர் தலையணை இருக்கும். அது செத்துப்போச்சு. ஓடுறப்ப தெரியாது. நின்னுட்டு ஏசியும் இழுக்கிறப்ப இன்ஜின் மூச்சு வாங்கும் பாருங்க, அந்தக் குலுக்கல் நேரா உங்க கைக்கு வருது. இதை முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு ஒரு பகல் மிச்சம்." கதவைத் திறந்தவள் திரும்பினாள். "என்ன சார், நல்ல சேதிதானே சொன்னேன்? வண்டியைத் திருட்டுக் கொடுத்தவர் மாதிரி இருக்கீங்க."

மறுநாள் பட்டறையில், இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, பழைய மவுண்ட்டைக் கழற்றிக் காட்டினாள். ரப்பர், வெயிலில் கிடந்த செருப்பாட்டம் வெடித்திருந்தது. புதியதை மாட்டி முடுக்கினாள். ஏசியைப் போட்டு, ஸ்டியரிங்கின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துப் பார்த்தார் மீட்டர்க்காரர். ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"பரண்லேருந்து பெட்டியை இறக்கிட்டேன்" என்றாள் மனைவி. "இவ மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கா. லீவு கிடைக்காதாம். கிடக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார்?"

பெட்டியின் ஜிப் சத்தம் அவருக்கு அங்கிருந்து கேட்டது. ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய்கூடச் சொல்லவேண்டாம், கையை லேசாக ஆட்டினால் போதும். அவள் வந்துவிடுவாள். வந்த பிறகு கை குணமாகிவிட்டது என்று ஏதாவது தைலத்தின் தலையில் கட்டிவிடலாம். மீட்டர்க்காரர் தன் கையைப் பார்த்தார். படுபாவி, துளி அசையவில்லை.

"கை இல்லை. வண்டிதான்" என்றார். "இன்ஜினுக்கு அடியில ஒரு ரப்பர். மாத்தியாச்சு."

"அன்னைக்கு டீ தம்ளரும் ஆடுச்சுன்னீங்க?"

"அது பயத்துல ஆடியிருக்கும்."

"அப்பாடா" என்றாள். பெட்டியின் ஜிப் சத்தம் நின்றது. "அப்ப பெட்டியைத் திருப்பி மேல ஏத்திடவா?"

ஏற்றாதே என்ற ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே சீட் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"ஏத்தி வை" என்றார். "குழந்தை நடக்கட்டும்."

சாயங்காலம் ஃபிரிட்ஜ் கனைத்து நின்றதும் ஷெட்டுக்குப் போனார். கிளப்பினார். கண்ணாடி, ஏசி, செய்தி. ஸ்டியரிங் கல்லாகக் கிடந்தது. இத்தனை நாளும் அது நடுங்கியபோது எதிரிலிருந்து யாரோ தன் கையைப் பிடித்திருந்த மாதிரி இருந்தது என்பது, பிடி விட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. செய்தி பாதியிலேயே இறங்கிவிட்டார்.

காலையில் முதல் வாடிக்கையாளராகப் பட்டறை வாசலில் நின்றார்.

"மறுபடியும் ஆடுதா?" ஸ்பேனர் அக்கா ஒரு வேனுக்கு அடியிலிருந்து கேட்டாள்.

"இல்லைம்மா. அந்தப் பழைய ரப்பர் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அதையே திருப்பி மாட்டிட முடியுமான்னு கேக்க வந்தேன்."

வேனுக்கு அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. அவள் சிரிக்கப்போகிறாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை.

"சார், உங்களுக்கு இப்ப அவசர வேலை ஏதாவது இருக்கா?"

"எனக்கா?"

"அப்ப வேன்ல ஏறி உட்காருங்க. பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கு. மேல ஒருத்தர் பெடலை அமுக்கினாத்தான் கீழே நான் காத்தைத் திறந்துவிட முடியும். தனியாளா ஏறி இறங்கி என் இடுப்பு போச்சு. எதிர்க்கடைக்காரனைக் கூப்பிட்டா பாதியில காலை எடுத்துட்டு ஃபோன் பேசப் போயிடறான்."

மீட்டர்க்காரர் ஏறி உட்கார்ந்தார். அது யாருடைய வேனோ. சீட் யாருடைய உயரத்துக்கோ இருந்தது.

"அமுக்குங்க" என்று தரைக்கடியிலிருந்து குரல் வந்தது. "பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க. ம், இப்ப விடுங்க. மறுபடி அமுக்குங்க."

அமுக்கினார். பிடித்தார். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டது. அடுத்த தடவை அவள் விடச்சொல்ல நேரமாயிற்று. ஏதோ நட்டு பிடிவாதம் பிடித்தது போலும். அவருடைய தொடை வலித்தது. பாதம் லேசாக நடுங்க ஆரம்பித்தது.

"என்ன சார், பெடல் ஆடுற மாதிரி இருக்கு?"

"அது வண்டிதாம்மா" என்றார் மீட்டர்க்காரர், காலை எடுக்காமல்.