வாயையே பார்த்த டிரைவர்

ஆமத்தூருக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது. புஞ்சைக்குப் போய்க்கொண்டிருந்த ஒச்சப்பன், உதட்டில் புகையும் பீடியோடு முதல் ஆளாக ஓடிவந்தார். தூக்கி எறியப்பட்டுக் கிடந்த டிரைவருக்குப் பேச்சு வரவில்லை. ஒச்சப்பனின் வாயையே பார்த்துக் கையை ஆட்டினார்.

“தண்ணி வேணுமா?”

இல்லையென்று தலையாட்டினார்.

“வெத்தல போடுறீகளா?”

அதுவும் இல்லை.

“பெறகு என்னதான்யா வேணும்?” என்று ஒச்சப்பன் முகத்தருகே குனிந்தார்.

டிரைவர் வெடுக்கென்று பீடியைப் பிடுங்கி உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தினார்.

ஒச்சப்பன் அப்போதுதான் காலடியைப் பார்த்தார். தார் ரோடென்று நினைத்து அவர் மிதித்து நின்றதெல்லாம், லாரியிலிருந்து கொட்டிய பட்டாசு மருந்து.

அடுத்து ஒருவன் ஓடிவந்தான். ஒச்சப்பன் தூரத்திலேயே கையை விரித்து மறித்தார்.

“ஏலே, அங்கனயே நில்லு! மொதல்ல வாயக் காட்டு!”