பதவி: பயிற்சியாளர்

பன்னிரண்டு காலர்களும் மேசைமேல் தயாராக இருந்தன. தைத்து, திருப்பி, முனை குத்தி எடுத்து, இஸ்திரி போட்டு அடுக்கியாகிவிட்டது. பக்கத்தில் பன்னிரண்டு ஜோடிக் கைகள், பன்னிரண்டு பாக்கெட்டுகள். பட்டன் பட்டிகளில் காஜாவும் எடுத்தாயிற்று. மூன்று நாள் வேலையை ஒன்றரை நாளில் முடித்துவிட்ட மிதப்பில் நான்கு பெண்களும் ஆளுக்கொரு டம்ளர் டீயுடன் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் எழுந்தவள் காலர் தைக்கிறவள், அவளைக் கூப்பிடுவதும் காலர் என்றுதான். டம்ளரை வைத்துவிட்டு ஒரு காலரை எடுத்தாள். சட்டைத் துணியைத் தன் பக்கம் இழுத்தாள். முன்பாகம் மட்டும் கையோடு வந்தது. பின்பாகம் மேசையிலேயே கிடந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கழுத்து எங்கடி?"

"எந்தக் கழுத்து?" என்றாள் பாக்கெட்.

"சட்டையோட கழுத்துதான். ஷோல்டரை யாரு ஜாயின்ட் பண்ணினது?"

யாரும் பண்ணவில்லை. பண்ணவும் தெரியாது. ஆயத்த ஆடை ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷமாகக் காலரின் கைக்கு வந்த சட்டையெல்லாம் தோள் சேர்த்தேதான் வந்தது. சேர்த்தவள் நான்கு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகைத்தான் இவளுக்குத் தெரியும். அங்கே ஆளுக்கு ஒரு வேலை, அந்த வேலையே பேர். காலர், கை, பாக்கெட், காஜா. சொந்தப் பேர் சம்பளப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஃபேக்டரியை மூடி எட்டு மாசமாகியும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் "என்ன காலர், சௌக்கியமா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

காஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஊரெல்லாம் சட்டை தைக்கிறோம்னு பீத்திக்கிட்டோம். நாலு பேரு சேர்ந்தும் ஒரு சட்டை தேறலை பாரு."

மற்றவர்களும் சிரித்தார்கள். காலர் சிரிக்கவில்லை. ஆர்டர் கொடுத்த பல் ஆஸ்பத்திரிக்குச் சட்டைகளைக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவர்கள் தைத்துக்கொண்டிருந்த பயிற்சி மையம். எந்நேரமும் ரப்பர் நாற்றம். வேலை போனவர்களுக்கு ஆறு வாரம் வேலைத்திறன் பயிற்சி. வகுப்பில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போவது அல்ல. நான்கு நான்கு பேராகச் சேர்ந்து ஒரு சின்னத் தொழிலைத் திட்டம் போட வேண்டும், வாங்குகிறவரைத் தேட வேண்டும், செய்து கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். முடித்தால் சான்றிதழ். மூடிய ஃபேக்டரியைப் புது முதலாளி ஒருவர் வாங்கியிருந்தார். அடுத்த மாதம் திறக்கிறார்கள். சான்றிதழ் இருப்பவர்களைத்தான் எடுப்போம் என்று கேட்டில் ஒட்டியிருந்தது. இந்த முறை விட்டால் அடுத்த பயிற்சி முடிவதற்குள் ஆள் எடுப்பு முடிந்துவிடும்.

காலருக்கு வேலையைவிட வேலையோடு வரும் மருத்துவ அட்டை வேண்டும். அவளுடைய பெண்ணுக்குப் பதினொரு வயது, வலிப்பு உண்டு. மாத்திரை ஒரு வேளை தவறினாலும் மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வரும். ஃபேக்டரி இருந்தவரை கம்பெனி அட்டையைக் காட்டினால் மாத்திரை கைக்கு வந்துவிடும். இந்த எட்டு மாசத்தில் இரண்டு தடவை அந்தப் பெண் வகுப்பில் விழுந்திருக்கிறாள். இரண்டாவது தடவை முன்பல் ஒன்று பாதி உடைந்துபோனது.

மேசையைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்து மிஸ் வந்தாள். சின்ன வயசுப் பெண். அவளுக்கே ஆறு மாசத்துக்கு ஒருமுறை வேலையைப் புதுப்பிக்க வேண்டும். அறைக் கதவில் 'பயிற்சியாளர்' என்று பலகை தொங்கியது.

"திட்டத்துல வேலைப் பங்கீடுன்னு ஒரு பக்கம் எழுதினீங்களே. ஷோல்டர் யாருன்னு எழுதலையா?"

"கேட்ட கேள்விக்கெல்லாம் எழுதினோம் மிஸ்," என்றாள் கை. "ஷோல்டரைப் பத்தி கேள்வியே வரலையே."

மிஸ்ஸுக்கும் தையல் தெரியாது. திட்டம் போடுவது எப்படி என்றுதான் அவளுக்குத் தெரியும். பல் ஆஸ்பத்திரிக்காரர்களிடம் நாள் தள்ளிக் கேட்கலாமா என்றாள். காலர் வேண்டாம் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுத் தரையில் கணவனின் சட்டையை விரித்துப் போட்டு, பிளேடால் பிரிக்க ஆரம்பித்தாள். தைத்த வரிசைக்குத் தலைகீழாகப் பிரிக்க வேண்டும் என்பது மட்டும் புத்தியில் பட்டது. முதலில் பட்டன், பிறகு கீழ்மடிப்பு, பிறகு பக்கத் தையல். ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் நம்பர் போட்டாள். பெயிண்ட் அடிக்கிற வேலை அவள் கணவனுக்கு. புள்ளி விழாமல் அவனிடம் இருந்தது அந்த ஒரு சட்டைதான்.

"இருந்த ஒண்ணும் போச்சா?"

"திரும்பத் தைச்சுத் தருவேன்."

"தைக்கத் தெரியாமத்தானே பிரிக்கிறே?"

அடுத்த தையலில் பிளேடை வைத்தாள். சாயங்காலத்துக்குள் சட்டை இருந்த இடத்தில் பதினொரு துண்டுகள் கிடந்தன. தோள் தையலுக்குள் ஒரு சின்ன நாடா வைத்திருந்ததைக் கண்டபோது அவளுக்குக் கோபமே வந்தது. பத்தொன்பது வருஷம் அந்தத் தோளைக் கையில் பிடித்திருக்கிறாள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தர் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்க எங்கே நேரம், மணிக்கு எண்பது காலர்.

சாக்பீஸ் நம்பர்களைக் கடைசியிலிருந்து பிடித்துக்கொண்டு, மறுநாளிலிருந்து மற்ற மூவருக்கும் அவள் சொல்லிக் கொடுத்தாள். கைக்குப் பக்கத் தையல் இரண்டே நாளில் படிந்தது. பாக்கெட் மூன்று தடவை தோளைத் தப்பாகச் சேர்த்துப் பிரித்தாள். நான்காவது தடவை அழுதாள். "அழுதா நூல் ஈரமாகும், தள்ளி உக்காந்து அழு," என்றாள் காலர். பாக்கெட்டுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. ஐந்தாவது சரியாக வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று மிஸ் இதையெல்லாம் குறித்துக்கொண்டாள்.

"நீங்கதான் பயிற்சியாளரா இருக்கணும் அக்கா. நான் சும்மா," என்றாள்.

காலர் அதை வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொன்னாள்.

ஒன்பதாம் நாள் பன்னிரண்டு சட்டைகளும் போய்ச் சேர்ந்தன. பல் ஆஸ்பத்திரி நர்ஸம்மா ஒன்றைப் போட்டுப் பார்த்துக் கையை மேலே தூக்கினாள், இறக்கினாள், இன்னும் முப்பது வேண்டும் என்றாள். நால்வரும் பறந்து வந்து மிஸ்ஸிடம் சொன்னார்கள். மிஸ் திட்டக் கோப்பை மூடிவைத்தாள்.

"திட்டம் முடிஞ்சிடுச்சு அக்கா. மெஷினெல்லாம் அடுத்த குழுவுக்குப் போகணும். அந்த முப்பதையும் அவங்க பழகறதுக்குத் தைப்பாங்க."

"நாங்க பிடிச்ச ஆர்டர் மிஸ்."

"மையத்தோட பேர்ல பிடிச்சது."

சரி, சான்றிதழ் வந்துவிட்டதல்லவா என்று தேற்றிக்கொண்டார்கள். ஃபேக்டரி திறக்கட்டும், மெஷினுக்கா பஞ்சம்.

ஆள் எடுப்பு அன்று காலரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். பழைய ஆபீஸ் அறை, புது மேசை. அதிகாரி அவளுடைய சான்றிதழைப் பார்த்தார், தலையாட்டினார், ஒரு படிவத்தை நகர்த்தினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே அச்சடித்திருந்ததை அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். பதவி: பயிற்சியாளர். மறுபடியும் படித்தாள். மிஸ்தான் எழுதி அனுப்பியிருக்க வேண்டும். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது.

வெளியே வந்தவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னைச் சொல்லிக் கொடுக்கிற வேலையில போட்டிருக்காங்கடி. பயிற்சியாளர்னு போட்டிருக்கு."

"அப்படிப் போடு!" என்று காஜா அவளைக் கட்டிக்கொண்டாள். "இனிமே நீ வாத்தியாரம்மா. எங்களை அடிக்காம சொல்லிக் கொடு."

அட்டை எத்தனை நாளில் வரும் என்று காலர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குள் கை உள்ளே போய்விட்டு வந்தாள்.

"எனக்கும் அதேதான் போட்டிருக்கு."

பாக்கெட் போய்விட்டு வந்தாள். அவளுக்கும் அதேதான். காஜா தன் படிவத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நாலு பேரும் வாத்தியார்னா படிக்கிறது யாரு?" என்று சிரித்தாள். ஒருத்தரும் கூடச் சிரிக்கவில்லை என்றதும் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

காலர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"சார், பயிற்சியாளர்னா?"

"ட்ரெய்னிம்மா. பயிற்சியில இருக்கிறவங்க."

"நான் இதே கட்டடத்துல பத்தொம்பது வருஷம் இருந்தேன் சார்."

"அது பழைய கம்பெனி. அவங்க கணக்கு எங்களுக்கு வராது." சான்றிதழை எடுத்து அவள் பக்கம் திருப்பி, தேதியின்மேல் விரலை வைத்தார். அவர் ஒன்றும் அதட்டவில்லை. "நீங்க வேலை கத்துக்கிட்டதே போன மாசம்தானே. நீங்களே கொடுத்த காகிதம்."

"மருத்துவ அட்டை?"

"ட்ரெய்னிக்குக் கிடையாது. ஒரு வருஷம் லீவு போடாம முடிங்க, அப்புறம் பார்க்கலாம்."

வீட்டில் சொன்னபோது, "ஒரு வருஷந்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள போயிடும்," என்றான் கணவன், ஆறுதலாக.

"வலிப்புக்கு அது தெரியுமா?" என்று அவள் கேட்டாள். வேறு ஃபேக்டரி எதுவும் திறந்திருக்கவில்லை.

திங்கட்கிழமை கணவன் வேலைக்குப் போகவில்லை. விடியும்போதே பெண்ணைக் கூட்டிக்கொண்டு இலவச ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கப் போய்விட்டான். காலர் கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டு உள்ளே போனாள். மஞ்சள் தொப்பி கொடுத்தார்கள். அவளோடு முப்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பெண்கள். எல்லோரையும் மெஷினிலிருந்து ஒரு கை தள்ளி ஸ்டூலில் உட்காரவைத்தார்கள்.

"பதினஞ்சு நாளைக்கு யாரும் மெஷினைத் தொடக் கூடாது," என்றான் சூப்பர்வைசர். இருபத்தைந்து வயசு இருக்கும். "முதல்ல பார்க்கக் கத்துக்கணும்."

கையிலிருந்த குச்சியால் மெஷினைத் தொட்டுக் காட்டி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தான். காலரிடம் வந்ததும் அவன் குரல் இளகியது. வயசானவளாயிற்றே என்று நினைத்திருப்பான்.

"கூச்சப்படாம சொல்லுங்கம்மா. இது என்ன?"

இரண்டு கைகளையும் மடிமேல் வைத்துக்கொண்டிருந்தாள் அவள்.

"ஊசி, சார்."

"வெரி குட். எல்லாரும் சேர்ந்து ஒரு தடவை."

முப்பது பேரோடு சேர்ந்து அவளும் சொன்னாள்.